புகையானை வளர்ப்பது யார்?

விவசாய அரங்கின் மாநாட்டு ஆவணங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் பணியைப் பல்லாண்டுகளாகச் செய்துவருகிறேன். அவற்றின் கோரிக்கைப் பகுதியில் ஏறத்தாழ மாறாமல் இடம்பெறும் வாக்கியம் ஒன்று உண்டு: விதை, உரம், பூச்சிமருந்து ஆகிய இடுபொருள்கள் தரமானவையாக, நியாயமான விலையில், உரிய காலத்தில் கிடைக்க அரசு வகைசெய்ய வேண்டும். கை பழகிவிட்ட வாக்கியம். சென்ற முறை அந்த இடத்தில் தயங்கி நின்றுவிட்டேன். தயங்க வைத்தது ‘பூச்சிமருந்து’ என்ற சொல்.

மூலத்தில் உள்ள ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ் ‘பூச்சிக்கொல்லி’. பாடநூல்களும் அரசாணைகளும் அதைத்தான் எழுதுகின்றன. உழவர்கள் வாயில் அது வருவதில்லை, ‘மருந்தடிக்கிறோம்’ என்கிறார்கள். மல்லேஸ்வரத்தில் எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் கன்னட விவசாயியும் ‘ஔஷதி’ என்றே சொல்கிறார். கொல்லும் பொருள் இரு மொழியிலும் குணமாக்கும் பொருளாகிவிட்டது. மருந்து என்றால் நோய் இன்னதென்று ஆராய்ந்து சொல்ல ஒருவர் வேண்டும், அளவு வேண்டும், எப்போது நிறுத்துவது என்ற கணக்கு வேண்டும். நெல்வயலில் இவையெல்லாம் இல்லாமல் மருந்து மட்டும் இருக்கிறது. சொல்லாராய்ச்சி என்று தோழர்கள் இதை ஒதுக்கிவிட வேண்டாம். கோரிக்கையையே நாம் பிழையாக அமைத்துவிட்டோமோ என்பதுதான் என் ஐயம்.

புகையானை எடுத்துக்கொள்வோம். பழுப்புத் தத்துப்பூச்சி என்று வேளாண் துறையினர் சொல்வது இதைத்தான். நெல்தூரின் அடியில், தண்ணீர் மட்டத்திற்குச் சற்று மேலே கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும். பச்சை வயலின் நடுவே வட்டவட்டமாகப் பயிர் காய்ந்து, தீயில் புகைந்ததுபோல் ஆகிவிடும். பழைய காலத்தில் இது பெரிய பகையாக இருக்கவில்லை. குட்டைநெல் வகைகளும் தழைச்சத்து உரமும் நாட்காட்டி பார்த்து மருந்தடிக்கும் பழக்கமும் ஒன்றாக வந்த பிறகே ஆசியா முழுவதும் பேரழிவாக உருவெடுத்தது. 1973-74இல் குட்டநாட்டு வயல்களை அழித்தது. இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் அதே பத்தாண்டில் பரவியது.

அதை அதுவரை அடக்கி வைத்திருந்தவை எவை? ஓநாய்ச் சிலந்தி நாளெல்லாம் தூர்களுக்கிடையே அலைந்து தத்துப்பூச்சியைப் பிடித்துத் தின்னும். மிரிட் நாவாய்ப்பூச்சி இலையுறைக்குள் புதைந்திருக்கும் புகையான் முட்டையைத் தேடிக் குத்தி உறிஞ்சும். ஊசித்தட்டான், பொறிவண்டு, முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இடும் கண்ணுக்கெட்டாத குளவிகள், நீர்ப்பரப்பில் ஓடித் தவறி விழும் குஞ்சுகளைக் கவ்வும் நீர்ப்பூச்சிகள் என்று பட்டியல் நீளும். இங்கே ஒன்றைக் கவனித்தேன். பயிரைத் தின்னும் பூச்சிகளுக்கெல்லாம் உழவர் மொழியில் அழகான பெயர்கள் உண்டு: ஆனைக்கொம்பன், புகையான், கதிர்நாவாய், இலைச்சுருட்டி. காக்கும் பூச்சிகளிலோ இரண்டு மூன்றைத் தவிர மற்றவற்றுக்கு நாம் பாதி இலத்தீனில்தான் பெயர் சொல்ல வேண்டியிருக்கிறது. கெடுதல் செய்ததைத்தான் மனிதன் நினைவில் வைத்துக்கொள்கிறான் போலும்.

மருந்தடித்தால் என்ன நடக்கிறது? மேலிருந்து தெளிக்கும் நஞ்சு இலைப்பரப்பில் தங்கும். தூரின் அடியில் இருக்கும் புகையானை முழுமையாக எட்டாது. இலையுறைத் திசுவுக்குள் இருக்கும் முட்டைக்கும் சேதம் குறைவு. திறந்த வெளியில் அலையும் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் முதலில் சாகும். சில நாட்களில் முட்டைகள் பொரிக்கின்றன, தின்ன ஆளில்லை. புகையானின் ஒரு தலைமுறை ஏறத்தாழ ஒரு மாதத்தில் முடிந்துவிடும். சிலந்தியோ மெல்ல வளர்வது. வயலில் மீண்டும் சமநிலை வருவதற்குள் பயிர் காய்ந்துவிடும். உழவர் மீண்டும் மருந்தடிப்பார். மருந்து தனக்கான தேவையைத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது. சரக்கு தனக்குச் சந்தையை உண்டாக்கிக்கொள்ளும் விதத்திற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் கல்வி வகுப்புகளில் சொல்லப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. தமிழகத்துப் பூச்சியியலாளர் எஸ். செல்லையா பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஹெய்ன்ரிக்ஸ் என்பாருடன் சேர்ந்து செய்த ஆய்வை 1980இல் வெளியிட்டார். கொல்லாத அளவில் சில பூச்சிக்கொல்லிகள் பட்ட புகையான் அதிகமாகத் தின்கிறது, அதிகமாக இனப்பெருக்கம் செய்கிறது என்று அவர்கள் கண்டார்கள். காவலரைக் கொன்றதோடு கள்வனுக்கு விருந்தும் வைத்த கதை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகள் இதை ஏற்றுக்கொண்டுள்ளன: செயற்கைப் பைரித்ராய்டு, மெத்தில் பாரத்தியான், குயினால்பாஸ் போன்றவற்றைப் புகையானுக்குப் பயன்படுத்தாதீர்கள், அவை அதைப் பெருக்கும் என்கின்றன. எப்போது மருந்தடிக்கலாம் என்பதற்கும் அங்கே கணக்கு இருக்கிறது. தூருக்கு ஒரு தத்துப்பூச்சி என்பது எல்லை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் எல்லை தூருக்கு இரண்டாக உயரும். சிலந்தியின் உழைப்புக்கு அரசு ஆவணமே மதிப்புப் போட்டு வைத்திருக்கிறது. அந்த ஆவணம் வயலுக்குப் போய்ச் சேரவில்லை என்பதே சிக்கல்.

ஜாவாத் தீவின் நெல்வயல்களில் செட்டில் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் செய்து 1996இல் வெளியிட்ட ஆய்வு மேலும் ஒரு படி ஆழமாகச் செல்கிறது. நடவு முடிந்து புகையான் வருவதற்கு முன்பே வயலில் சிலந்திகள் ஏராளமாக இருக்கின்றன. அப்போது அவை எதைத் தின்று வாழ்கின்றன? மட்கும் தாளிலும் எருவிலும் நீர்ப்பாசியிலும் வளரும், கடிக்காத கொசுவினப் பூச்சிகளைத் தின்று வாழ்கின்றன. பயிருக்கு நன்மையும் செய்யாத, தீமையும் செய்யாத இந்தச் சிற்றுயிர்கள்தாம் காவல்படைக்கு முன்கூட்டியே சோறு போட்டு வளர்க்கின்றன. நட்ட இருபதாம் நாள், முப்பதாம் நாள் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அடிக்கும் முதல் மருந்து இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியையே அறுத்துவிடுகிறது. இலைச்சுருட்டுப் புழுவைப் பார்த்துப் பதறித்தான் பெரும்பாலும் அந்த முதல் மருந்து. அந்த வயதில் இழந்த இலையை நெற்பயிர் தானாகவே ஈடுசெய்துகொள்ளும். வியட்நாமின் மேகோங் கழிமுகத்தில் 1990களில் முதல் நாற்பது நாள் மருந்து வேண்டாம் என்று உழவர்களிடம் பரப்பினார்கள். வானொலி நாடகங்கள்கூடப் போட்டார்கள். தெளிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

இனி இந்தோனேசியா. தோழர்களுக்கு இது கசப்பான எடுத்துக்காட்டு. 1965-66இல் பல இலட்சம் கம்யூனிஸ்டுகளையும் உழவர் சங்கத்தினரையும் கொன்று குவித்த சுகார்த்தோவின் ஆட்சி அது. 1984இல் அரிசியில் தன்னிறைவு கண்டதாக அறிவித்து, மறு ஆண்டு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் பாராட்டையும் பெற்றார். அதற்கடுத்த ஆண்டே ஜாவாவைப் புகையான் சூழ்ந்தது. பூச்சிக்கொல்லி விலையில் ஐந்தில் நான்கு பங்கை அரசே மானியமாகக் கொடுத்துவந்த நாடு அது. மானியத்தோடு புகையானும் வளர்ந்தது. இடா நியோமான் ஓகா போன்ற உள்நாட்டுப் பூச்சியியலாளர்களும் பீட்டர் கென்மோரும் எடுத்துச் சொன்னதன் பேரில் 1986 நவம்பரில் 57 பூச்சிக்கொல்லிகள் நெல்லுக்குத் தடை செய்யப்பட்டன. 1989 தொடக்கத்தில் மானியம் முழுவதும் நின்றது. அதே ஆண்டு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. ஒரு பருவம் முழுவதும் வாரந்தோறும் உழவர்கள் வயலில் இறங்கி, தூரைப் பிரித்து, எது எதைத் தின்கிறது என்று எண்ணிப் படம் வரைந்து, மருந்தடிப்பதா வேண்டாமா என்று தாங்களே முடிவு செய்தார்கள். பூச்சிக்கொல்லிப் பயன்பாடு பாதிக்கும் கீழே இறங்கியது. நெல் விளைச்சல் குறையவில்லை. அரிசி விலை ஏறினால் ஆட்சி ஆட்டங்காணும் என்ற அச்சமே சுகார்த்தோவைச் செலுத்தியது. உழவர் மீது கொண்ட அன்பு அன்று. கொடுங்கோலன் தன் நலத்துக்காகக் கேட்ட அறிவியலை, உழவர் நலத்துக்காகப் போராடும் நாம் ஏன் இன்னும் கேட்கவில்லை என்பதே என் கேள்வி. அங்கேயும் கதை நல்லபடி முடியவில்லை. வயல்வெளிப் பள்ளிகளுக்கான நிதி நின்றது. சந்தை தாராளமாகத் திறக்கப்பட்டது. 2010-11இல் ஜாவாவில் புகையான் மறுபடி பேரளவில் தாக்கியது.

எங்கள் ஊர் நீடாமங்கலத்திற்கு அருகில். அங்கே என் தமக்கையின் கணவர் கோயில் நிலத்தில் 3 ஏக்கர் வாய்வழிக் குத்தகை செய்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் சம்பாப் பருவத்தில் நான் போயிருந்தபோது திண்ணையில் மூன்று குப்பிகள் இருந்தன. கூடவே கடையின் துண்டுச் சீட்டு. குப்பியோடு வந்த விளக்கத்தாளை எடுத்துப் பார்த்தேன். தமிழும் இருந்தது, கண்ணாடி போட்டும் படிக்க முடியாத எழுத்தில். ஒன்று பைரித்ராய்டு. இது புகையானைப் பெருக்குமே, ஏன் வாங்கினீர்கள் அத்தான் என்று கேட்டேன். “மாப்பிள்ளை, போன போகத்து உரப் பாக்கியே அந்தக் கடைக்குக் கொடுக்கணும். அவர் எடுத்து வைக்கிறதை வேணாம்னு எப்படிச் சொல்றது?” என்றார். நான் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. பேச என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை என்பதே உண்மை.

அவருக்குப் பூச்சி தெரியாது என்று எவரும் எண்ண வேண்டாம். சிலந்தி வலையில் காலைப் பனி நிற்கும் வயல் நல்ல வயல் என்று எனக்குச் சிறுவயதில் சொன்னவரே அவர்தான். அறியாமை என்ற சொல்லால் இதை விளக்கும் போக்கு நமது தோழர்களிடமும் இருக்கிறது. ‘விழிப்புணர்வு முகாம்’ என்று முடித்துவிடுகிறோம். உண்மையில் நடப்பது வேறு. பட்டா இல்லாத குத்தகையாளருக்கு அடங்கல் கிடைப்பது கடினம். அடங்கல் இல்லையேல் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இல்லை. ஆகவே இடுபொருள் கடைக்காரரே கடன் கொடுப்பவர், ஆலோசகர், சில ஊர்களில் நெல்லை வாங்குபவரும்கூட. கடன் கொடுத்தவரின் சொல்லை மறுக்கும் சுதந்திரம் கடன் வாங்கியவருக்கு இல்லை. 2013இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, ஏதேனும் ஒரு தரப்பிடமிருந்து தொழில்நுட்ப ஆலோசனை பெற்ற விவசாயக் குடும்பங்கள் ஏறத்தாழ 40 விழுக்காடுதான். அரசின் வேளாண் விரிவாக்கப் பணி சுருங்கச் சுருங்க அந்த இடத்தை நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகள் பிடித்துக்கொண்டார்கள். கடைக்காரரையும் வில்லனாக்குவதில் பயனில்லை; அவர் கழுத்திலும் நிறுவனத்தின் இலக்கு தொங்குகிறது.

சட்டம் என்ன செய்கிறது? 1958இல் கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் பாரத்தியான் கலந்த உணவால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் மீதான விசாரணையின் விளைவே 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். மனிதருக்கும் பிராணிகளுக்கும் ஆபத்து நேராமல் தடுப்பதே அதன் நோக்கம். ‘பிராணி’ என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறையை மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் பலமுறை படித்தேன்: மனிதருக்குப் பயன்படும் பிராணிகள், மீனும் கோழியினமும் அதில் அடங்கும். குத்துக்கு ஒன்றாக நின்று தூருக்கொரு தத்துப்பூச்சியைத் தாங்கும் சிலந்தி மனிதருக்குப் பயன்படும் பிராணி இல்லையா? வரையறையின் சொற்களைக் கண்டிப்பாகப் படித்தால் அதுவும் அடங்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இதை எடுத்து வாதாட ஒரு வழக்கறிஞர் தோழர் முன்வர வேண்டும். 2008இலும் 2020இலும் மாநிலங்களவைக்கு வந்த புதிய மசோதாக்கள் சட்டமாகவில்லை.

நீதிமன்றத்திலும் போராடலாம் என்பதற்கு நம்மிடையே முன்னுதாரணம் இருக்கிறது. இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில்தான் 2011 மே மாதம் உச்சநீதிமன்றம் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்கள் மீது வானிலிருந்து அந்த நஞ்சைப் பல ஆண்டுகள் தெளித்தது ஒரு பொதுத்துறைக் கழகம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உடைமை பொதுவில் இருந்தால் மட்டும் போதாது. முடிவும் மக்கள் கையில் இருக்க வேண்டும்.

பொதுத்துறையின் மறுபக்கத்தைப் பார்க்க மல்லேஸ்வரத்திலிருந்து நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஹெப்பாளத்தில் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் இருக்கிறது. 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி புகுந்து, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவியபோது எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. இந்நிறுவனம் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து வளர்த்துத் தந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மாவட்டந்தோறும் அதைப் பெருக்கி விட்டது, மாவுப்பூச்சி அடங்கியது. பிறகு மரவள்ளிக்கு வேறொரு மாவுப்பூச்சி வந்தபோது ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து மற்றொரு குளவி வந்தது. 2022இல் சேலம் மாவட்டத்தில் விடப்பட்டது. ஒருமுறை விட்டால் அது தானே பெருகும். அடுத்த பருவத்துக்கு வாங்க வேண்டியதில்லை. அதனாலேயே எந்தத் தனியார் நிறுவனமும் இதில் முதல் போடாது. குளவிக்குக் காப்புரிமையும் இல்லை, கடைக்காரருக்குக் கழிவும் இல்லை.

இதே மல்லேஸ்வரத்தில் ‘நஞ்சில்லா அரிசி’ விற்கும் கடைகள் பெருகிவிட்டன. வசதியுள்ளவர் தட்டில் நஞ்சு விழாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. நகரின் பிற அடுப்புகளில் வேகும் சோனா மசூரி பெரும்பாலும் கங்காவதி, சிந்தனூர் என்று துங்கபத்திரைப் பாசனப் பகுதியிலிருந்து வருகிறது; அங்கே மருந்துத் தெளிப்பு மிகுதி. மருந்து முதுகில் சுமந்து தெளிப்பவர் நிலமற்ற கூலித் தொழிலாளி. ‘நஞ்சில்லா’ முத்திரையின் விலையில் அவருக்குப் பங்கில்லை. அடியோடு இரசாயனத்தை ஒழித்துவிடலாம் என்ற ஆவேசத்தின் விளைவை இலங்கை காட்டிவிட்டது. 2021இல் கோத்தபய அரசு உரத்தையும் பூச்சிக்கொல்லியையும் ஒரே ஆணையில் நிறுத்தியது. அந்நியச் செலாவணி நெருக்கடியும் அதற்குப் பின்னணி. பயிற்சியும் இல்லை, மாற்றும் இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது, அரிசி இறக்குமதியாயிற்று, அந்த ஆண்டு முடிவதற்குள் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். இந்தோனேசியா நெல்லுக்கு உரத்தை நிறுத்தவில்லை. பூச்சிக்கொல்லியைக் குறைத்து, அதன் இடத்தில் பயிற்சி பெற்ற உழவரை வைத்தது.

இப்போது நம் ஒன்றிய அரசு என்ன செய்கிறது? 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்கும் திட்டத்துக்கு 2023இல் 1,261 கோடி ரூபாய் ஒதுக்கியது. தெளிப்பது எளிதாகும், முதுகில் சுமக்கும் துன்பம் குறையும் என்பது உண்மை. 2017இல் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறந்துவிட்டு ட்ரோனைப் பழிக்க நான் தயாரில்லை. ஆயினும் ட்ரோன் மேலிருந்து தெளிக்கிறது. புகையான் தூரின் அடியில் இருக்கிறது. தூரைப் பிரித்து எண்ணிப் பார்க்க ஓர் ஆளை நியமிக்கப் பணமில்லை என்கிறது அதே அரசு.

ஆகவே கோரிக்கைப் பட்டியலில் அந்தப் பழைய வாக்கியத்திலிருந்து ‘பூச்சிமருந்து’ என்பதை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. போலி மருந்துக்கு எதிரான போராட்டம் தொடரட்டும்; மலிவான மருந்துக்கான கோரிக்கை வேண்டாம். அந்த இடத்தில் வர வேண்டியவை வேறு. வேளாண் அலுவலர் காலியிடங்களை நிரப்பி, ஊராட்சிதோறும் பருவம் முழுவதும் நடக்கும் வயல்வெளிப் பள்ளி. அதில் நில உடைமையாளர் மட்டுமன்றி, களையெடுக்கும் பெண்களும் தெளிப்புத் தொழிலாளரும் கூலி இழப்பின்றிப் பங்கேற்க வேண்டும். வயலை எல்லாரினும் அருகிலிருந்து பார்ப்பவர்கள் அவர்களே. வாய்வழிக் குத்தகையாளருக்கும் கூட்டுறவுப் பயிர்க்கடன் வேண்டும். கடைக் கடனிலிருந்து விடுபடாத உழவரிடம் சிலந்தியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. புகையானைப் பெருக்குவதாக அரசுப் பல்கலைக்கழகமே சொல்லும் மருந்துகளுக்கு நெல்லில் பயன்படுத்தும் பதிவை இரத்து செய்ய வேண்டும். தெளிப்பவருக்குக் காப்புடையும் நஞ்சு ஏறினால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் சட்டப்படி உறுதியாக வேண்டும்.

இடைநிலைக் குழுக்களில் இதற்கு எதிர்ப்பு வரும் என்பதை அறிவேன். மருந்து விலை ஏறும்போது அதை எதிர்த்துச் சுவரொட்டி ஒட்டுவது எளிது, கூட்டமும் சேரும். மருந்தே தேவையில்லாத நாற்பது நாட்களைப் பற்றிச் சுவரொட்டி எழுதுவது கடினம். பசுமைப் புரட்சியின் கூலிக் கணக்கைக் கீழ்வெண்மணி முதல் நமது இயக்கம் அறியும். அதன் பூச்சிக் கணக்கை இன்னும் எடுக்கவில்லை. மூலத்தில் இல்லாததைச் சேர்க்கும் உரிமை மொழிபெயர்ப்பாளனுக்குக் கிடையாது. ஆகையால் சென்ற முறையும் அந்த வாக்கியத்தை உள்ளபடியே தமிழாக்கி அனுப்பிவிட்டேன். அடுத்த மாநாட்டு வரைவு கைக்கு வருமுன் தோழர்கள் இதை விவாதிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.